ஐந்து முதல் ஐந்தரை வரை

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அன்பரசுவை யாரும் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள். காலை ஏழு மணிக்கு வெல்டிங் கண்ணாடியை மாட்டினால் மதியச் சோறு வரும்வரை கழற்றமாட்டான். பதினைந்து நாள் கேட்ட வேலையைப் பன்னிரண்டு நாளில் முடித்து, பெயின்ட் காய்வதற்குள் அடுத்த லாரியை உள்ளே விடுவான். நாற்பத்திரண்டு வயதிலும் கேபின் கூரைமேல் ஏணி இல்லாமல் ஏறுவான்.

ஜெபம் என்று வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு மூட்டை வந்து அவன் தோளில் உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவான். எல்லோரையும்விட உரக்கப் பாடுவான். ஆனால் மற்ற ஆறு நாளும் அவன் வேதப்புத்தகம் டிவிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கும். காலையில் பார்த்தால், ‘சாயங்காலம் நிதானமாகப் படிக்கலாம்’ என்று நினைப்பான். சாயங்காலம் பார்த்தால், ‘காலையில் தலை தெளிவாக இருக்கும், அப்போது படிக்கலாம்’ என்று நினைப்பான். இரண்டுமே நியாயமாகத்தான் தோன்றும்.

போன வருடம் ஆனி மாதம் சபையில் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். விடியற்காலை நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை எட்டுப் பேர், ஆளுக்கு அரைமணி நேரம், அவரவர் வீட்டிலேயே ஜெபிக்க வேண்டும். ஜெபிக்க வேண்டியவர்களின் பெயர்கள் ஒரு தாளில் இருந்தன. நோயாளிகள், படிக்கிற பிள்ளைகள், சபையில் யாராவது சொல்லி எழுதிய வெளியாட்கள் என்று பதினெட்டுப் பேர். அரைமணி முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கை போட்டு ‘முடித்தேன்’ என்று எழுத வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் தொடங்குவார்.

“ஐந்து முதல் ஐந்தரை வரை யாருங்க?” என்று பாஸ்டர் கேட்டபோது சபையே தரையைப் பார்த்தது. அப்போதுதான் ஒரு பாட்டைப் பாடி முடித்திருந்த சூட்டில் அன்பரசு கையைத் தூக்கிவிட்டான். பக்கத்தில் பெண்கள் வரிசையிலிருந்து அவன் மனைவி ரஞ்சிதா திரும்பி, பல்லிக்கு இறக்கை முளைத்ததைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

முதல் நான்கு நாள் எழுந்தான். ஐந்தாம் நாள் மழை. போர்வைக்குள் இருந்தபடியே ஜெபித்தால் கர்த்தர் கேட்கமாட்டாரா என்று நினைத்தான். நினைத்ததோடு சரி, தூங்கிப்போனான். ஐந்து இருபத்தெட்டுக்கு விழிப்பு வந்தது. பதறிப்போய்க் கூப்பிய கையைப் போட்டு, ‘முடித்தேன்’ என்று எழுதினான். அடுத்த நொடி ஜெயபிரகாஷ் அண்ணனிடமிருந்து, ‘நன்றி தம்பி, தொடங்குகிறேன்’ என்று பதில் வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஐந்தரை முதல் ஆறு வரை அவருடைய முறை.

இவ்வளவு சுலபமா என்று அன்பரசுவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு செல்போனில் ஐந்தரைக்கு மட்டும் அலாரம் வைத்தான். அலாரம் அடித்ததும் கண்ணைத் திறக்காமலே கட்டைவிரலால் கையைக் கூப்பிவிட்டு மறுபடி தூங்குவான். எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. எட்டுப் பேரில் ஒரு நாளும் தவறாதவன் அவன் ஒருவன்தான்.

“அன்பரசுவைப் பாருங்க” என்று பாஸ்டர் இரண்டு தடவை மேடையிலேயே சொன்னார். அன்பரசு பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்கதவு கீல் உடைந்துபோன ஒரு முட்டை லாரி பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துண்டு, கண்ணில் தூக்கக் கலக்கம். கீலைக் கழற்றிக்கொண்டிருந்த அன்பரசுவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்கண்ணா, அன்பரசுங்கறது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. ஏனுங்க?”

“வேதக்கோயில்ல விடியால ஜெபம் பண்றவரு?”

அன்பரசு ஸ்பேனரைக் கீழே வைத்தான். “ஆமாங்க” என்றான்.

வந்தவன் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் அவன் கையிலும் ஒட்டிக்கொண்டது.

“நான் காளிதாஸுங்க. உங்க தாள்ல என்ற பேரு இருக்குமுங்களே! என்ற சம்சாரம் மஞ்சுளா ஸ்கூல் ஹாஸ்டல்ல சமைக்கறா. அங்க அவ கூட வேலை செய்யற உங்க கோயில் பிரபாக்காதான் எழுதிக் குடுத்தாங்களாமா.”

அன்பரசுவுக்கு அந்தத் தாளில் யார் பெயர் இருந்தது என்று நினைவே வரவில்லை. தாள் எங்கே இருக்கிறது என்பதும் நினைவில்லை.

“பெங்களூருக்கு முட்டை ஏத்தறனுங்க. இறக்கீட்டுத் திரும்பி வாரப்ப தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு வர கரெக்டா அஞ்சு மணி ஆகுமுங்க. அந்த நேரந்தானுங்க எமன். கண்ணு தெறந்தே இருக்கும், ஆனா ஒறங்கிருவோம். போன வருசம் ரெண்டு தடவ தடுப்புல ஒரசீட்டனுங்க. அப்பறந்தான் பிரபாக்கா சொன்னாங்களாம், அஞ்சுல இருந்து அஞ்சரைக்கு அன்பரசுன்னு ஒருத்தரு உன்ற ஊட்டுக்காரருக்காக முழிச்சு உக்காந்து ஜெபம் பண்றாருன்னு.”

“ம்ம்” என்றான் அன்பரசு.

“நான் உங்க சாமியக் கும்பிடறவன் இல்லீங்க, பொய் சொல்லக்கூடாது. ஆனா மொகம் தெரியாத ஒரு மனுசன் எனக்காக அந்த நேரத்துல முழிச்சிருக்கறாருன்னா, நான் ஒறங்கலாமுங்களா? அத நெனச்சாவே கண்ணு தெறந்துக்குதுங்க. எட்டு மாசமா ஒரு கீறல் இல்லீங்க!”

அன்று அன்பரசு அந்தக் கீலை மூன்று தடவை வெல்டு வைத்தான். மூன்று தடவையும் கோணலாக வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரஞ்சிதாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். கடைசியில், “நான் ஒரு நாளும் எந்திரிக்கறதில்ல ரஞ்சி” என்றான்.

“தெரியுமே” என்றாள் அவள், கீரையை ஆய்ந்துகொண்டே. “அஞ்சு மணிக்கு நான் அடுப்புப் பத்தவெக்கறப்ப உங்க கொறட்டை சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?”

“அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“‘நீ எத்தன நாளு ஜெபம் பண்ணுனே’ன்னு நீங்க திருப்பிக் கேட்டுட்டா நான் எங்க போறது?” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் ஐந்துக்கு அலாரம் வைத்து, நிஜமாகவே எழுந்தான். முகம் கழுவினான். கட்டில் ஓரம் முழங்காலில் நின்று, மெத்தைமேல் நெற்றியை வைத்து, “ஆண்டவரே” என்று தொடங்கினான். கண்ணைத் திறந்தபோது மணி ஆறு இருபது. கன்னத்தில் போர்வையின் கோடுகள் பதிந்திருந்தன. கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. செல்போனில் ஜெயபிரகாஷ் அண்ணனின் ஐந்து தவறிய அழைப்புகள் கிடந்தன. குழுவில் பாஸ்டர், ‘அன்பரசுவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, எல்லோரும் ஜெபியுங்கள்’ என்று எழுதியிருந்தார். ஆறு பேர் ஆமென் போட்டிருந்தார்கள்.

எட்டு மாதத்தில் உண்மையாக எழுந்த அன்றைக்குத்தான் அவன் பெயர் கெட்டது.

அடுத்த நாள் மண்டியிடாமல் மொட்டைமாடியில் நடந்துகொண்டே ஜெபித்தான். மனைவி, பிள்ளைகள், பட்டறை, சபை என்று எல்லாவற்றையும் சொல்லி, தாளைத் தேடி எடுத்து அதிலிருந்த பதினெட்டுப் பெயர்களையும் வாசித்து முடித்து மணி பார்த்தான். ஐந்து மூன்று. மீதி இருபத்தேழு நிமிடம் என்ன பேசுவது? கண்ணை மூடினால் கீலும் போல்ட்டுமாக வந்தன. மூன்றாம் நாள் எழவே இல்லை. ஐந்தரை அலாரம் அடித்தபோது கட்டைவிரல் தன்னால் கூப்பிய கையைத் தொடப் போனது. தொடவில்லை. செல்போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அழுகை வரும்போல இருந்தது. வேறு எந்த வேலையிலும் அவன் இப்படித் தோற்றதில்லை.

அன்று பத்து மணிக்கு காளிதாஸைக் கூப்பிட்டான்.

“தம்பி, அடுத்த தடவ பெங்களூரு போறப்ப நானும் வாரேன். கூட்டீட்டுப் போறீங்களா?”

“வண்டி எதுனாச்சும் பாக்கோணுமுங்களா?”

“இல்லீங்க. அந்த அஞ்சு மணி எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்.”

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலமே கிளம்பினார்கள். போகும்போது காளிதாஸ் தன் மூத்த மகள் கபடியில் மாவட்ட அளவில் ஆடியதைச் சேலம் தாண்டும்வரை சொன்னான். அன்பரசு லாரி கேபின்களை வாழ்நாளெல்லாம் கட்டியிருக்கிறான். ஒன்றில் உட்கார்ந்து இருநூற்றைம்பது கிலோமீட்டர் போனது அதுதான் முதல் தடவை. தான் கட்டுகிற பக்கத்து இருக்கைக்கு முதுகு சரியாக அமையவில்லை என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தான்.

முட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி ட்ரேக்கள் பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தன. தர்மபுரியைத் தாண்டியதும் பேச்சு நின்றது. பாளையம் சுங்கச்சாவடி விளக்குகள் பின்னால் போயின. சாலை சரியத் தொடங்கியது. முன்னால் போகிற லாரிகளின் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. அன்பரசு திரும்பி காளிதாஸைப் பார்த்தான். அவன் இமைகள் கனத்து இறங்கிவந்தன. ஒரு முறை தலையை உதறினான். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

“என்ன தம்பி சொல்றீங்க?”

“உங்க பேரத்தானுங்க. ‘அன்பரசு முழிச்சிருக்கறாரு, அன்பரசு முழிச்சிருக்கறாரு’ன்னு சொல்லிக்குவனுங்க.” லேசாகச் சிரித்தான். “இன்னிக்குத்தான் ஆளே பக்கத்துல இருக்கறீங்களே. மணி அஞ்சாச்சு. உங்க வேலயப் பாருங்கண்ணா.”

அந்த இடத்தில் அன்பரசு ஜெபித்தான். ஒழுங்கான ஜெபம் என்று சொல்ல முடியாது. “கர்த்தாவே, இந்த மனுசன் கண்ணப் பாத்துக்கங்க, பிரேக்கப் பாத்துக்கங்க, முன்னால போற அந்த டேங்கரப் பாத்துக்கங்க, கபடி ஆடற அந்தப் புள்ளயப் பாத்துக்கங்க” என்று வாய்க்கு வந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொன்னான். ஒரு வளைவு முடிந்ததும் அடுத்த வளைவு வந்தது. சொல்வதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. கீழே இறங்கி ஒரு டீக்கடை ஓரமாக காளிதாஸ் வண்டியை நிறுத்தியபோது மணி ஐந்தரை ஆகியிருந்தது. அரைமணி போனதே அன்பரசுவுக்குத் தெரியவில்லை.

இறக்கத்திலேயே சொல்லிவிடலாமா என்று நடுவில் ஒரு தடவை அவனுக்குத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை. இப்போது டீ டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் சொன்னான்.

“தம்பி, இந்த எட்டு மாசமா நான் எந்திரிக்கவே இல்லீங்க. படுத்த எடத்துலயே மெசேஜ் மட்டும் போட்டுட்டு ஒறங்கீட்டேன். உங்க பேருகூட எனக்குத் தெரியாது.”

காளிதாஸ் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

“அப்ப நான் ஒருத்தன்தான் முழிச்சிருந்தனுங்களா?”

“ஆமாங்க.”

“ஊட்டுல மஞ்சுளாகிட்டச் சொல்லீட்டுத் திரிஞ்சனுங்களே, அன்பரசண்ணன் இருக்கறாரு, நீ பயப்படாதேன்னு!” அவன் குரல் உயர்ந்தது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். “பண்ண முடியலீன்னா முடியலீன்னு சொல்லியிருக்கலாமுங்களே. யாரு உங்களக் கட்டாயப்படுத்துனாங்க?”

“யாரும் இல்லீங்க.”

காளிதாஸ் எழுந்துபோய்ச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான்.

“அப்ப என்னைய இத்தன நாளா யாருங்க காப்பாத்துனது?”

அன்பரசுவுக்குக் கண் கலங்கியது. “நான் யாருகிட்ட ஜெபம் பண்ணாம ஒறங்குனனோ அவருதானுங்க. நான் கேக்காமயே பாத்துக்கிட்டிருக்காரு.”

“அது சரிங்க. நாளைக்கு? இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இனி எத நெனச்சு முழிச்சிருக்கறது?”

“நான் எந்திரிக்கறேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“மெசேஜ்…” என்று தொடங்கிய அன்பரசு பாதியில் நிறுத்தினான். காளிதாஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தோடு சிரித்ததால் புரையேறிவிட்டது. அன்பரசு அவன் தலையில் தட்டினான்.

கடைசியில் ஒன்று முடிவானது. கணவாய்க்கு முன்னால் காளிதாஸ் வண்டியை ஓரம் கட்டி, முகம் கழுவிவிட்டு அன்பரசுவைக் கூப்பிட வேண்டும். அன்பரசு எடுத்துப் பேச வேண்டும். எடுக்காவிட்டால் காளிதாஸ் இறக்கத்தில் இறங்கமாட்டான். வெளிச்சம் வரும்வரை அங்கேயே படுத்துத் தூங்குவான். முதலாளி கேட்டால் பட்டறை அன்பரசுதான் காரணம் என்று சொல்லிவிடுவான்.

முதல் வாரம் அன்பரசு போனுக்குப் பயந்துதான் எழுந்தான். அதில் பக்தி ஒன்றும் இல்லை. காளிதாஸ் பேசி முடித்ததும், அந்த இருட்டுச் சாலை கண்ணுக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு தூக்கம் எப்படி வரும்? இருபது நிமிடம் அவனுக்காகவே ஜெபித்தான். மீதிப் பத்து நிமிடத்துக்குத் தாளைக் கையில் எடுத்தால் மறுபடி கொட்டாவி வந்தது.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. முகம் தெரியாத பெயர்களை வாசிக்கும்போதுதான் தூக்கம் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை தாளில் இருந்த மயிலம்மாள் யார் என்று விசாரித்துக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டிவரை பைக்கில் போனான். மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்த அம்மாள், “நடக்கச் சொல்றாங்க சாமி, எனக்குச் சோம்பலா இருக்குது” என்றார். “எனக்கும் அதே வியாதிதானுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துத் தெருமுனைவரை நடத்திக்கொண்டு போய்வந்தான். அடுத்த வாரம் ஜலகண்டாபுரத்தில் ஒரு நெசவாளி வீடு. அதற்கடுத்த வாரம் இன்னொருவர். ஒவ்வொரு முகமாகத் தெரியத் தெரிய அரைமணி போதாமல் போனது.

வேதப்புத்தகம் டிவிக்குப் பக்கத்திலிருந்து மொட்டைமாடிப் படிக்கு இடம் மாறியது. நாளுக்கு ஒரு பக்கம்தான். அதையும் சில நாள் விட்டுவிடுவான். ஆனால் விட்டது அவனுக்கே தெரிந்தது. முன்பெல்லாம் அதுவும் தெரியாது. ஒரு நாள் விடியலில் ரஞ்சிதா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு இரண்டு டம்ளர் காப்பியோடு மாடிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள்.

ஆனியில் சங்கிலி ஜெபத்துக்கு ஒரு வருடம் நிறைந்தது. “உடம்பு சரியில்லாத நாள் தவிர ஒரு நாளும் தவறாத” அன்பரசு சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் கேட்டார். முந்தைய நாளே அவரிடம் போய் உண்மையைச் சொன்னான். பாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நானும் விசாரிக்காம மேடையில சொல்லீட்டேன் பாருங்க” என்றார். பிறகு, “நாளைக்கு இதையே சொல்லுங்க” என்றார்.

சொன்னான். குறட்டை சமையலறைவரை கேட்டதைச் சொன்னபோது சபை சிரித்தது. டீக்கடையில் காளிதாஸ் கேட்டதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஜெயபிரகாஷ் அண்ணன் அவனைக் கண்டும் காணாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் அவர் பேசவில்லை. நான்காவது வாரம் ஒரு காலை ஐந்து இருபத்தெட்டுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“எந்திரிச்சிருக்கறயா?”

“மாடியில இருக்கறனுங்கண்ணா.”

“உன்ற மெசேஜப் பாத்துத்தான் நான் வெக்கப்பட்டு எந்திரிப்பேன், தெரியுமா? இல்லீன்னா நானும் ஒறங்கறவந்தான். அதனாலதான் அத்தன கோவம்.” கொஞ்சம் இருமினார். “சரி. இனி மெசேஜெல்லாம் வேண்டாம். ரெண்டு நிமிசம் போன்லயே சேந்து ஜெபம் பண்ணீட்டுக் கைமாத்திக்கலாம். நீ ஆரம்பி.”

ஆவணியில் காளிதாஸுக்கு வேலை மாறியது. பகலில் ஈரோடு வரை போய்வருகிற வண்டி கிடைத்தது. மஞ்சுளா செய்து கொடுத்த அதிரசத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

“இப்பெல்லாம் அஞ்சு மணிக்கு நல்லா ஒறங்கறனுங்கண்ணா. என்ற பேர எடுத்துருங்க. அந்தப் பெங்களூரு ரூட்ல இப்ப சென்னிமலைன்னு ஒருத்தன் போறானுங்க. அவன் பேர எழுதிக்கங்க.”

“உங்க பேர எடுக்கமாட்டனுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றான் அன்பரசு. கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான். “அந்தத் தம்பி நம்பரச் சொல்லுங்க. இன்னிக்கு எத்தன மணிக்கு லோடு ஏத்தறாரு?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதானுங்க ஏத்துவான். ஏனுங்க?”

“போய் ஆளப் பாத்துட்டு வந்தர்றேன்” என்று அன்பரசு பைக் சாவியைத் தேடினான். காளிதாஸ் அதிரசத்தில் நான்கைத் தனியே எடுத்து ஒரு பொட்டலமாகக் கட்டி, “அவனுக்கும் குடுங்க” என்று நீட்டினான்.